இருள் தேடிப் போன தங்கை

கிராமத்தை விட்டுப் பட்டணம் போனவன் முன்னுக்கு வந்தவன். பட்டணத்தை விட்டுக் கிராமம் போகிறவன் ஏதோ தோற்றுத் திரும்புகிறவன். இப்படி ஓர் எண்ணம் நம்போன்ற குடும்பங்களில் ஊறிப் போயிருக்கிறது. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. நம் தந்தையார் 1980-களில் தஞ்சை ஜில்லாவின் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியுடன் டில்லிக்கு ரயிலேறியவர். டில்லி நமக்குச் சோறு போட்டது, குடியிருக்க இடம் கொடுத்தது, தங்கையை எம்.எஸ்ஸி. வரையில் படிக்க வைத்தது. அந்தத் தங்கைதான், பௌதிகத்தில் பட்டம் பெற்ற கையோடு, ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் கிராமத்துக்கு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். அன்றிரவு நம் வீட்டில் சமைத்த சோறு அப்படியே இருந்தது.

"இருட்டில் போய் உட்காருவதற்கா இவ்வளவு படித்தாய்?" என்று தாயார் கேட்டார். தங்கை, "ஆமாம் அம்மா, இருட்டுக்காகத்தான்" என்றாள். அதை நாம் வாய்த்துடுக்கு என்றே அப்போது கொண்டோம்.

நம் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நியமனக் கடிதம் தபாலில் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. கையெழுத்திட்டு வாங்கிய நாம் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினோம். டில்லியிலேயே ஒரு பயிற்சி நிலையத்தில் இதைவிடக் கூடுதலான சம்பளத்துக்கு அவளை அழைத்திருந்தார்கள். நாலு நாள் போனால் மனம் மாறுவாள் என்பது நம் கணக்கு. தந்தையார் காலமானபின் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து அவளைப் படிக்க வைத்தவர் நாம் என்பதால், அவள் வாழ்க்கையில் நமக்குக் கையெழுத்துப் போடும் உரிமை உண்டென்று நினைத்துக்கொண்டோம் போலும். மூன்றாம் நாள் மனச்சாட்சி உறுத்தவே, கடிதத்தை எடுத்து நீட்டினோம். அவள் உறையின் மேலிருந்த தேதியைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. "அண்ணா, சேருவதற்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்" என்றாள். அவள் கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறன்று அவளே நம்மை ஜந்தர் மந்தருக்கு அழைத்துச் சென்றாள். ராஜா சவாய் ஜெய்சிங் 1724-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய வானாராய்ச்சிக் கூடம் அது. இப்போது அதைச் சுற்றிலும் மாடிக் கட்டடங்கள்; இரவானால் கன்னாட் பிளேஸின் விளக்கொளி வானத்தையே வெளுக்கச் செய்கிறது. "இந்த ஊர் இருட்டாக இருந்த காலத்தில் இங்கே வானத்தைப் பார்த்தார்கள். இப்போது இருட்டு எங்கே போயிற்றோ, அங்கேதானே நாங்களும் போக வேண்டும்?" என்றாள்.

பிறகு அவள் சொன்ன வரலாறு நமக்குப் புதிது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாராய்ச்சிக் கூடம் கட்டினர். 1861-இல் 'ஆசியா' என்னும் சிறுகோள் அங்கிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பணி 1899-இல் கொடைக்கானல் மலைக்குப் போயிற்று. சூரியனை ஆராய அவ்விடம் நன்றாக அமைந்தது. ஆனால் இரவில் நட்சத்திரங்களைப் பார்க்க மேகமும் மூடுபனியும் தடை செய்தன. ஆகவே 1960-களில் வைணு பாப்பு என்னும் விஞ்ஞானி, இருண்டும் தெளிந்தும் இருக்கும் வேறோர் இடத்தைத் தேடி, ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரைத் தேர்ந்தார். அங்கே 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அமைந்தது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று 1977 மார்ச் 10 அன்று வெளிப்பட்டபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நம் நாட்டிலேயே செய்யப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைக் காண, முயன்றவர் இல்லை. பாப்பு 1982-இலேயே மறைந்துவிட்டார். இன்று அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

"சாந்தினி சௌக் சந்தடியில் ஒருவர் காதோடு சொல்லும் ரகசியம் கேட்குமா அண்ணா? தூரத்து நட்சத்திரத்தின் வெளிச்சமும் அப்படித்தான். சத்தம் அடங்கிய இடத்துக்குப் போனால்தான் கேட்கும்" என்றாள். நாம் விடவில்லை. "எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பார்க்கிற காலத்தில் ஆள் எதற்கு?" என்றோம். அதற்கும் பதில் வைத்திருந்தாள். லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள தொலைநோக்கியை, பெங்களூருக்கு அருகேயுள்ள ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் மூலம் இயக்குகிறார்களாம். ஆயினும் கண்ணாடியில் படியும் தூசியைத் துடைக்கவும், கூரைக் கதவு சிக்கினால் விடுவிக்கவும், மேகம் வருகிறதா என்று தலையை உயர்த்திப் பார்க்கவும் யாராவது அங்கே இருந்தே தீரவேண்டும். டிக்கெட்டை நாமே எடுத்துக் கொடுத்தோம்.

ஓராண்டு கழித்து, தை அமாவாசையை ஒட்டித் தாயாரை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். சென்னை வரை இரண்டு இரவு ரயில். அங்கே வண்டி மாறி வாணியம்பாடி. பிறகு ஆலங்காயம் வழியாக மலையேறும் பஸ். சாமை விளையும் கொல்லைகளும் புளிய மரங்களும் உள்ள ஊர். தங்கை இளைத்திருந்தாள். இரவெல்லாம் விழித்துப் பகலில் உறங்கும் பிழைப்பு. சாமான் வாங்க வேண்டுமானால் மலையிறங்க வேண்டும். மழை மாதங்களில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார வேண்டும். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தார், வேலையை விட்டால்தான் சம்பந்தம் என்றார்கள், அவள் மறுத்துவிட்டாள். இவையெல்லாம் இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. அவள் பேசும் இந்தி கலந்த தமிழைக் கேட்டு ஊர்ப் பெண்கள் முதலில் சிரித்தார்களாம். இப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

அன்றிரவு பத்து மணியளவில் எங்களை வெளியே அழைத்து, கைவிளக்கை அணைக்கச் சொன்னாள். கண் பழகச் சிறிது நேரமாயிற்று. தாயார் அண்ணாந்து பார்த்து, "கார்த்திகை!" என்றார், சிறு பெண்ணைப்போல அந்தக் கூட்டத்தை எண்ணவும் தொடங்கினார். இத்தனை ஆண்டு டில்லி வாசத்தில் அவர் அதைத் தேடிப் பார்த்ததாக நமக்கு நினைவில்லை. பிறகு தங்கை தெற்கே கை காட்டினாள். மலை முகட்டுக்கு மேலே ஒரு பெரிய நட்சத்திரம் தனித்து ஒளிர்ந்தது. அதுதான் அகஸ்தியர் என்றாள். டில்லியில் அது அடிவானத்தை ஒட்டியே வந்துபோவதால் புகையில் மறைந்துவிடும் என்றும் சொன்னாள்.

தாயார் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "அவரும் வடக்கேயிருந்து தெற்கே வந்தவர்தானே" என்று மட்டும் சொல்லி, தன் சால்வையை எடுத்து மகளின் தோளில் போர்த்தினார்.

சம்பந்தம் தவறிய வருத்தம் தாயாருக்கு இன்னும் உண்டு, நமக்கும் இல்லாமலில்லை. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. நம் தந்தையார் பிழைப்பு எங்கே இருந்ததோ அங்கே போனார். மகள் தன் வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போயிருக்கிறாள். இருவரும் ஏறியது ஒரே ரயில் பாதைதான், திசைதான் வேறு.

நேயர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இத்தகைய அழைப்பு வரலாம். பஸ் எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அறைக்கதவின் தாழ் உறுதியா, துணைக்கு யார் என்று பெரியவர்கள் கேட்கட்டும். அவை கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் கடிதம் வந்தால், அன்றைக்கே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.