மகிழங்கன்று

ஆங்கில நாவல்களைத் திறந்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் ஓக் மரம் வந்துவிடும். பாட்டன் நட்டிருப்பான், பேரன் அதன் நிழலில் காதல் செய்வான். மரம் அது பாட்டுக்கு முந்நூறு, நானூறு வருஷம் நின்றுகொண்டிருக்கும். இளம் வயதில் இவற்றைப் படித்துப் படித்து, நாமும் ஓர் ஓக் மரம் வளர்க்க வேண்டும் என்ற பைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது.

2009-ல் என் மைத்துனர் லண்டனிலிருந்து வந்தபோது, கோட்டுப் பையிலிருந்து நாலு ஓக் கொட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தொப்பி அணிந்திருந்தது. தொட்டியில் புதைத்து, மூன்று மாதம் காவல் காத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஓக் கொட்டை, நெல்லைப் போல உலர்த்தி வைக்கக்கூடியது அல்ல. ஈரம் போனால் அதன் உயிரும் போய்விடும். பையில் கிடந்து காய்ந்தபோதே அவற்றின் கதை முடிந்துவிட்டது. அப்படியே முளைத்திருந்தாலும், குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் அந்த மரம் எங்கள் பெரம்பூர் வெயிலை எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

வெறும் தொட்டியை நான் வெறித்துப் பார்ப்பதை, வாசலில் பூ விற்க வரும் அம்மாள் கவனித்திருக்கிறாள்.

"மரந்தானே வேணும் சாமி? மகிழங்கொட்டை தரேன், வச்சுக்குங்க. அது நிதானமாத்தான் வளரும். நல்ல நிழலை உங்க பேரப் புள்ளைங்கதான் பாப்பாங்க. போதுமா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கூப்பிடு தூரத்தில் திருவொற்றியூர். அந்தக் கோயிலின் தல விருட்சமே மகிழ மரந்தான். அதன் அடியில்தான் சுந்தரர், "உன்னைப் பிரியேன்" என்று சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து, அதை மீறிக் கண்ணிழந்தார். நம்மாழ்வாருக்கோ மகிழம்பூ மாலை அணிந்தவர் என்றே ஒரு பெயர். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் லண்டனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்!

கொட்டை முளைத்தது. அடுத்த வருஷம் தோட்டத்தில் நட்டேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. இருவரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தேன் என்று சொல்ல வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர். மாதம் தவறாமல் புண்ணாக்கு. காற்றில் ஆடாதபடி மூங்கில் கழி நட்டு இறுக்கிக் கட்டிய சணல் கயிறு. கன்று வளர்ந்தது, ஆனால் நோஞ்சானாக வளர்ந்தது. அடுத்த வீட்டுக்காரர் அதே வருஷம் வைத்த மே ஃபிளவர் மரமோ அவர்கள் மாடியைத் தொட்டு, சிவப்புச் சிவப்பாய்ப் பூத்துத் தள்ளிற்று.

தென்னை ஏற வரும் பெரியவர் ஒருநாள் கன்றின் அருகே குந்தினார். கயிறு பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"தண்ணியக் குறைங்க சார். வாரத்துக்கு ஒரு தரம், நல்லா ஊறும்படி ஊத்துங்க. வாய்க்குப் பக்கத்திலேயே சோறு இருந்தா வேர் எதுக்குக் கீழே போவுது? கயித்தையும் அவுத்துடுங்க. காத்து ஆட்டினாத்தான் அடிமரம் தடிக்கும்."

அவிழ்த்தேன். மனசில்லாமல்தான் அவிழ்த்தேன். அடியில் சருகு பரப்பி ஈரம் காத்ததோடு என் கைங்கரியம் நின்றது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தால், மகிழம் தலை தரையைத் தொடுகிற மாதிரி வளைந்து வளைந்து எழுந்தது. பிற்பகலில் காற்று சட்டென்று ஓய்ந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே எட்டு வயது மகளும் வந்துவிட்டாள்.

"கட்டாதீங்க அப்பா! அந்தத் தாத்தா வேண்டாம்னு சொன்னாரே!"

கையில் கயிற்றோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "ரெண்டு பேரும் உள்ளே வாங்க!" என்று மனைவி போட்ட கூச்சலில் திரும்பினேன். கதவைச் சாத்தியதுதான் தாமதம், காற்று இப்போது எதிர்த் திசையிலிருந்து வந்தது. மே ஃபிளவர் வேரோடு சாய்ந்து எங்கள் மதில்மேல் விழுந்த சத்தத்தில் வீடே அதிர்ந்தது. அன்று நகரமெங்கும் சாய்ந்த ஆயிரக்கணக்கான மரங்களில் அதுவும் ஒன்று. பொழுது விடிந்து பார்த்தோம். மகிழத்தில் பாதி இலை இல்லை. இரண்டு கிளையும் போயிருந்தது. ஆனால் மரம் நின்றுகொண்டிருந்தது.

2019 கோடையில் மகள்தான் முதல் பூவைப் பொறுக்கி வந்தாள். மிளகாய்ப்பூ அளவில் சின்ன நட்சத்திரம். காய்ந்த பிறகும் வாசனை போகாத பூ.

இந்த வருஷம் அவளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. சென்னையில் இல்லாத கல்லூரியா என்று ஒரு வாரம் வாதாடித் தோற்றேன். புறப்படுகிற அன்று, அவள் பெட்டியில் ஒரு கைப்பிடி உலர்ந்த மகிழம்பூவைத் துணியில் முடிந்து வைத்தாள் என் மனைவி.

ரயிலடியில் கேட்டேன்: "காலையிலும் ராத்திரியிலும் போன் பண்ணட்டுமா, அம்மா?"

அவள் சிரித்தாள்.

"வாரத்துக்கு ஒரு தரம் போதும், அப்பா. நல்லா நிறையப் பேசலாம்."