சீட்டு விழுந்த நிலம்

நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டவனுக்கு நாடு கடன்பட்டிருக்கின்றது. அக்கடனைத் தீர்த்தே ஆகவேண்டும். ஆனால் எவருடைய பொருளைக் கொண்டு தீர்ப்பது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1805 முதல் 1833 வரை நடத்திய நிலக் குலுக்கல்களைப் பற்றிப் படிக்குந்தோறும் இக்கேள்வியே நம் நெஞ்சில் எழுகின்றது.

அக்குலுக்கல் முறை ஊழலை ஒழிக்கவே பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1795இல் அம்மாநிலச் சட்டமன்றத்தார் பலர் கையூட்டுப் பெற்றுக்கொண்டு, ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஏக்கர் நிலத்தை ஐந்து லட்சம் டாலருக்கு நான்கு நிறுவனங்களுக்கு விற்றனர். 'யாசூ ஊழல்' என்று வரலாறு அதனைக் குறிக்கும். மக்கள் கொதித்தெழுந்தனர், மறு ஆண்டே அவ்விற்பனை ரத்தாயிற்று. இனி வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே எழலாகாதென்று பொதுக் குலுக்கலை ஏற்படுத்தினர். பெயர்ச் சீட்டுகள் ஓர் உருளையிலும், நிலச் சீட்டுகள் மற்றோர் உருளையிலும் இடப்பட்டு எடுக்கப்பட்டன. 1820, 1827ஆம் ஆண்டுக் குலுக்கல்களில், விடுதலைப் போரில் (1775-1783) பங்கேற்று முதுமையடைந்த வீரர்களுக்குக் கூடுதல் வாய்ப்புத் தரப்பட்டது. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான்.

'குர்ஆ' என்னும் இச்சீட்டு முறை நமக்கும் புதியதன்று. பாகப்பிரிவினைக்கு நாம் அழைக்கப்பட்ட வீடுகளில், பங்குகளை வகுத்தபின், எது எவருக்கென்று தீர்க்கச் சிறு பிள்ளையொன்றைச் சீட்டெடுக்கச் செய்ததுண்டு. விரும்பிய பங்கு கிட்டாத தம்பியும் முகங்கோணாமல் எழுந்து செல்வார். ஆயினும், இச்சொத்து முழுவதும் மய்யித்துக்கு உரியதுதானா என்று கேட்டறிந்த பின்னரே சீட்டை எழுதுவோம். அடுத்த வீட்டாரின் தென்னையை எழுதிப் போட்டால், குர்ஆ எத்துணை நேர்மையாக நடப்பினும் அத்தென்னை நமதாகிவிடாது. ஹக்கு உடையவர்களிடையே பிரித்துத் தரவே சீட்டுக்கு அதிகாரம் உண்டு. இல்லாத ஹக்கை உண்டாக்க அதற்கு அதிகாரமில்லை.

ஜார்ஜியா குலுக்கிய நிலமோ கிரீக், செரோக்கி மக்களின் நிலம். செரோக்கியர் தமக்கென ஓர் எழுத்து முறையும், 1827இல் ஓர் அரசியல் சாசனமும், 1828 முதல் ஒரு செய்தித்தாளும் கண்டவர்கள். அவர்கள் மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாதென 1832 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அம்மண் 160 ஏக்கர் மனைகளாகவும், 40 ஏக்கர் தங்க மனைகளாகவும் கூறிடப்பட்டுக் குலுக்கலுக்கு வந்தது! மண்ணை விட்டுத் தருவதாகச் சிலர் மட்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தமே 1835இன் இறுதியில்தான் வந்தது. 1838இல் படை வந்தது. மேற்கே துரத்தப்பட்ட ஏறத்தாழ 16,000 பேரில் சுமார் 4,000 பேர் மாண்டனர்.

செரோக்கித் தலைவர் ஜான் ராஸ் தம் மக்களுக்காக வாதாட வாஷிங்டன் சென்று திரும்பியபோது, அவருடைய வீட்டில் அந்நியர் குடியிருந்தனர். குலுக்கலில் அது மற்றொருவருக்கு விழுந்திருந்தது. இந்த ராஸ் யார்? 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில், ஆண்ட்ரூ ஜாக்சன் தலைமையில் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட செரோக்கிப் படையின் அதிகாரி! அந்த ஜாக்சனே பின்னர் குடியரசுத் தலைவராகி, 1830இல் இம்மக்களை வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். போர் வீரரைப் போற்றுவதாகச் சொன்ன சீட்டு, ஒரு போர் வீரரையே வீடற்றவராக்கியது.

சீட்டுப் பெற்றவர்களிற் பலர் எளிய உழவர்கள். தாம் எவரையும் கொள்ளையடித்ததாக அவர்கள் எண்ணியிரார். 'நம் நஸீபு, விழுந்தது' என்று மகிழ்ந்திருப்பர். கையூட்டுப் பெற்றவனுக்கேனும் தன் குற்றம் தெரியும். குலுக்கலில் பெற்றவனுக்கோ அதுவும் தெரியாமற் போயிற்று. பங்கு நம் கைக்கு வரும்போது, அது எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பதோடு, எவரிடமிருந்து வந்தது என்பதையும் கேட்போமாக.