போகாத ஊருக்கு வழி

என்னுடைய வண்டி ஏடனுக்குப் போனதே இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. இதை யாருக்குச் சொல்லியிருக்க வேண்டுமோ அந்த ஆள் என் முன்னாலேயே வந்து நின்றார். அன்றைக்கு நான் வேறு ஏதோ சொன்னேன்.

வண்டி ஒரு ஃபெரற். ஃபெரற் என்பது கீரியைப் போன்ற ஒரு சின்னப் பிராணி; இங்கிலாந்தில் முயல் வளைக்குள் விட்டு முயலைக் கலைக்கப் பழக்குவார்கள். அந்தப் பெயரைத்தான் டெய்ம்லர் கம்பனி கொவன்றியில் செய்த நாலு சில்லு வேவு வண்டிக்கும் வைத்தார்கள். 1952 முதல் 1971 வரை 4,400க்கு மேல் செய்திருக்கிறார்கள். ஆட்கள் இதைத் 'தாங்கி' என்பார்கள். தாங்கிக்குச் சங்கிலி, இது ரயரில் ஓடுவது. நாலு சில்லு என்றால் ஃபெரற். ஆறு சில்லும் பெரிய பீரங்கியும் என்றால் சலடின். ஆறு சில்லோடு உள்ளே ஆட்களை ஏற்றுவது சரசென். பழைய இராணுவ வண்டிக் கண்காட்சிக்கு வருகிற பெடியளுக்கு நான் இப்படித்தான் அடையாளம் சொல்லிக் கொடுப்பேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். தெரிந்தவன் என்ற நினைப்பு. அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

இந்த வண்டிகளை நான் முதலில் கண்டது இங்கிலாந்தில் அல்ல. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில், எங்கள் வீட்டு வேலிப் பொட்டுக்குள்ளால். இலங்கை இராணுவத்திடம் இந்த மூன்று வகையும் இருந்தன. எஞ்சின் இரைச்சலுக்கு முன்னால் கியர் ஊளையிடுகிற சத்தம் வரும். அதைக் கேட்டால் அம்மா எங்களை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவா. அப்பா இலங்கைப் போக்குவரத்துச் சபையில் மெக்கானிக். லண்டனில் ஓடிக் களைத்த இரட்டைத்தட்டு பஸ்கள் அந்த நாளில் கப்பலில் வந்து எங்கள் நாட்டில் ஓடின. அவர் அவற்றில் கை பழகியவர். இருட்டுக்குள் இருந்துகொண்டு மெல்லச் சொன்னார்: "உது எங்கட பஸ்ஸின்ர கியர் எல்லோ."

அவர் சொன்னது சரி. பஸ்ஸிலும் இந்த வண்டிகளிலும் இருந்தது ஒரே வம்சத்துக் கியர்ப்பெட்டி. முதலில் கைப்பிடியால் எந்தக் கியர் வேண்டும் என்று குறித்து வைக்க வேண்டும். பிறகு கிளச் இருக்கிற இடத்தில் இருக்கும் மிதியை மிதித்தால்தான் அந்தக் கியர் விழும். அரைகுறையாக மிதித்தால் மிதி திருப்பி உதைக்கும். உள்ளே பட்டிகள் தேய்ந்திருந்தால் அந்த உதையில் கணுக்கால் போய்விடும். ஃபெரற்றுக்கு முன்னோக்கி ஐந்து கியர் என்றால் பின்னோக்கியும் அதே ஐந்து. எதிரியைக் கண்டதும் திரும்பாமலே ஓடிவர வேண்டும் அல்லவா? ஸ்டியரிங் வளையம்கூட மற்ற வண்டிகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்கும். முதல் நாள் அதைப் பிடித்தபோது யாரோ வண்டியைத் தலைகீழாகப் பூட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நான் அகதியாக வந்து சேர்ந்த இடம் கொவன்றி. சலடினையும் சரசெனையும் செய்த அல்விஸ் தொழிற்சாலையும் இதே ஊரில்தான் இருந்தது என்பது பல வருடம் கழித்தே தெரியவந்தது. ஹோலிஹெட் வீதியில் அது நின்ற இடத்தில் இப்போது கடைத்தொகுதி. பெயர் மட்டும் இன்னும் அல்விஸ். மகளுக்குச் சப்பாத்து வாங்க அங்கே போயிருக்கிறோம். இதை மனிசிக்குச் சொன்னபோது அவ வண்டிலைத் தள்ளிக்கொண்டே, "அதுக்கு இப்ப என்ன செய்யிறதப்பா?" என்று கேட்டா. நான் செய்தது, 2009இல் ஒரு ஃபெரற் வாங்கினேன். அவ மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. தன்னைப் பயமுறுத்திய நாயையே வளர்க்கிற மாதிரி ஏதாவதாக இருக்கலாம்.

எஞ்சின் வேலை எனக்குப் புதிதல்ல. றோல்ஸ் றோய்ஸ் பி60, ஆறு சிலிண்டர், பெற்றோல், 4.26 லீற்றர். நாலு சிலிண்டரில் பி40, எட்டில் பி80 என்று ஒரு குடும்பமே உண்டு. ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதற்கு ஆகும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். சலடினுக்குள்ளும் சரசெனுக்குள்ளும் இருப்பது அந்த எட்டு. எஞ்சினை நான் பிழையாகத் தொடவில்லை. நான் கெடுத்தது பெயின்றை.

பழைய இராணுவ வண்டி ஒன்றின் சரித்திரம் அதன் பெயின்றில்தான் கிடக்கிறது. பூசியதற்கு மேல் பூசியிருப்பார்கள். பழையதை உரிக்க இராணுவத்துக்கு நேரமில்லை. ஒரு காசுக் குற்றி அளவு இடத்தைத் தேர்ந்து, 600ஆம் நம்பர் அரத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்ல மெல்லத் தேய்த்தால் வெங்காயம் வெட்டினாற்போல் வளையம் வளையமாக நிறங்கள் எழும்பும். நடுவில் இருப்பது மிகப் பழையது. இலக்கம் எழுதியிருந்த இடமாகப் பார்த்துத் தேய்த்தால் பழைய இலக்கமே மேலே வரும். 1949க்குப் பிறகு வந்த பிரித்தானிய இராணுவ இலக்கம் இரண்டு எண், இரண்டு எழுத்து, இரண்டு எண். அது கிடைத்தால் வண்டியின் சாதகமே கிடைத்த மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அனுபவசாலி ஒருவர் நேரிலும் சொல்லித் தந்திருந்தார். ஆனால் அப்படித் தேய்க்க வாரக்கணக்கில் எடுக்கும். எனக்கு அடுத்த கோடைக்கு வண்டி ஓட வேண்டும். கிறைண்டரைப் பூட்டினேன்.

இரண்டு சனி ஞாயிறில் முழுவதும் இரும்பாகிவிட்டது. கராஜ் நிலமெல்லாம் பச்சைத் தூள். இடையில் ஓரிடத்தில் பச்சைக்குக் கீழே மணல் நிறம் தெரிந்தது. கிறைண்டரை நிறுத்தினேன். பாலைவன நிறம்! ஃபெரற், மணல் நிறம், பிரித்தானிய இராணுவம் என்று கூட்டிப் பார்த்தேன். விடை ஏடன் என்று வந்தது: யேமனில் பிரித்தானியர் ஆண்ட துறைமுகம். மணல் நிறத்துக்குக் கீழே என்ன நிறம் இருக்கிறது என்று பார்க்க அந்த நேரம் இன்னும் இடம் இருந்தது. பார்க்கவில்லை. கிறைண்டரைத் திரும்பவும் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஏடனைப் பற்றி வாசித்த அளவுக்கு என் சொந்த ஊரைப் பற்றிக்கூட வாசித்ததில்லை. எரிமலை வாய்க்குள் இருக்கிற கிறேற்றர் என்ற பட்டினம், 1967 ஜூன் 20இல் அது பிரித்தானியர் கையை விட்டுப் போனது, ஜூலை 3ஆம் திகதி ஆர்கைல் படைப்பிரிவு ஸ்கொற்லாந்துக் குழல் ஊதிக்கொண்டு திரும்ப உள்ளே போனது, நவம்பர் முடிவில் எல்லாரும் கப்பலேறியது, எல்லாம் பாடம். வண்டிக்கு மணல் நிறம் பூசி, புத்தகத்தில் கண்ட படைச் சின்னம் ஒன்றை வரைந்தேன். இலக்கத்தைப் பழைய படம் ஒன்றிலிருந்து எடுத்தேன். அது வேறு ஒரு வண்டியின் இலக்கம். முன்னால் ஒரு பலகை வைத்தேன்: 'ஏடன், 1967'. 2012 கோடை முழுக்க ஆட்கள் அந்தப் பலகையை வாசித்துவிட்டு நின்று கேட்டார்கள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதைக்குச் சதை வைத்தது. கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட 'நீ எந்த ஊர், இதை முதலில் எங்கே கண்டாய்?' என்று கேட்கவில்லை. ஏடன் கதை அந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

2016இல் பின்பக்கத்து எண்ணெய்க் கான் தாங்கியின் ஆணிகள் துருப்பிடித்துவிட்டன. அதைக் கழற்றினேன். கீழே கிறைண்டர் எட்டாத ஒரு உள்ளங்கை அகலம், பெயின்றோடு அப்படியே. இந்த முறை ஈரத்தாளை எடுத்தேன். ஒரு மணித்தியாலம் முழங்காலில் இருந்து தேய்த்தேன். அடியில் சிவப்பு முதற்பூச்சு. அதற்கு மேல் மினுங்குகிற கடும் வெண்கலப் பச்சை. அதற்கும் மேல் மங்கல் பச்சையும் கறுப்பும். அதற்கு மேலே மணல்.

மங்கல் பச்சையும் கறுப்பும் எழுபதுகளில் வந்த கோலம். பிரித்தானிய இராணுவம் ஏடனை விட்டது 1967இல். அப்படியென்றால் மணல் நிறம் ஏடனுக்குப் பிறகு வந்தது. கையில் தாளோடு அப்படியே இருந்தேன். உடனே மனம் அடுத்த கொப்புக்குத் தாவியது: 1991 வளைகுடா யுத்தத்துக்கும் சில ஃபெரற்றுகள் போயினவே! கள்ளன் பிடிபட்ட பிறகும் பின் கதவைப் பார்ப்பானாம். நான் பார்த்தேன்.

அந்த உள்ளங்கை அகலத்தில் இலக்கத்தின் பாதியும், கான் தாங்கி மறைத்திருந்த மற்ற ஓரத்தில் மீதியும் கிடைத்தன. டோர்செற்றில் பொவிங்ரன் தாங்கி அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். கவச வண்டிகளின் பழைய பதிவட்டைகள் அங்கே இருக்கின்றன. பதில் வந்தது. லட்ஜர்ஷோல் களஞ்சியம். பிறகு பகுதிநேர வீரர்களின் பிரிவு ஒன்று. பிறகு ஆஷ்சேர்ச் களஞ்சியம். திரும்ப லட்ஜர்ஷோல். 1983இல் ஏலத்தில் விற்பனை. முடிந்தது. வில்ற்ஷயருக்கும் குளொஸ்ரர்ஷயருக்கும் இடையில் போய்வந்ததுதான் அதன் ஆயுள் முழுவதும். கடல் கடக்கவில்லை. மணல் நிறத்தை விற்பனைக்குப் பிறகு யாரோ ஆசைக்குப் பூசியிருக்கிறார்கள். என்னைப் போல ஒருத்தன்.

கடிதத்தை மடித்து, கராஜில் ஸ்பனர்கள் வைக்கிற மூன்றாவது இலாச்சிக்குள் போட்டேன். மனிசி கேட்டா: "மியூசியத்தில இருந்து என்னவாம்?"

"ஒண்டும் இல்லையாம். பதிவு கிடைக்கேல்லையாம்."

அடுத்தது 2017. ஏடனை விட்டு ஐம்பது வருடம். அந்தக் கோடையில் என் பலகைக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். எழுபது வயது இருக்கும். மற்ற ஆட்களைப் போல வண்டியைச் சுற்றிவரவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றார். அந்தத் தூரம் எனக்குத் தெரிந்த தூரம். நான் கிட்டப்போய்க் கதை கொடுத்தேன். தான் யேமன்காரன் என்றார். ஷெஃபீல்டில் இரும்புத் தொழிற்சாலைக்கு வந்த தகப்பனிடம் வந்து சேர்ந்தவராம். அதற்கு முன்னால் ஏடனில், கிறேற்றரில் பெடியன்.

"இது எந்தத் தெருவில் நின்றது என்று தெரியுமா?" என்று கேட்டார்.

இலாச்சிக்குள் இருந்த கடிதம் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம். "ஐயா, இது உங்கள் ஊருக்கு வரவே இல்லை" என்றால் போதும். எனக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் பலகையை வாசித்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னேன்: "மாலா பெரிய தெருவில்." புத்தகத்தில் வாசித்த பெயர்.

அவர் தலையை ஆட்டினார். "மாலாவில்தான் என் தமையன்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு வந்து முன் சில்லின் மேல் கையை வைத்தார். முழுக் கையையும் வைக்கவில்லை; விரல் நுனிகளை மட்டும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சுடுகிற சட்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். எனக்கு வேலிப் பொட்டு ஞாபகம் வந்தது. அம்மா கதவைச் சாத்துவது ஞாபகம் வந்தது. யாராவது ஒருத்தன் ஒரு சரசெனைக் கொண்டுவந்து, 'இதுதான் உன் ஒழுங்கையால் போனது' என்று என்னிடம் பொய் சொன்னால் நான் அவனை என்ன செய்வேன் என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டும் வாய் திறக்கவில்லை.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று கிழமை தொடவில்லை. பிறகு படைச் சின்னத்தை அழித்தேன். அடுத்த வருடம் மணல் நிறத்தையும் எடுத்துவிட்டு வெண்கலப் பச்சை பூசினேன். இந்த முறை தூரிகையால், ஈரத்தாளால், ஒன்பது மாதம். சொந்த இலக்கத்தை எழுதினேன். பலகையில் இப்போது கொவன்றி, லட்ஜர்ஷோல், ஆஷ்சேர்ச் என்று இருக்கிறது. ஆட்கள் வாசித்துவிட்டுப் பக்கத்து வண்டிக்குப் போகிறார்கள். மனிசிக்குக் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "அந்த மனுசனுக்குச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டா.

சொல்லவில்லை. தேடவும் இல்லை. ஷெஃபீல்டில் யேமன்காரர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆனால் கிறேற்றரில் பிறந்து, மாலாவில் தமையனை விட்டுவிட்டு வந்த கிழவர்கள் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள். நாலு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்திருக்கலாம். எடுக்கவில்லை. முதலில் வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு, அவருக்கு அந்தப் பொய் ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். இரண்டாவதுதான் கூடாத பொய்.

அன்றைக்குப் போகும்போது அவர் தன் கைத்தொலைபேசியை என்னிடம் தந்து, பேரனோடு வண்டிக்கு முன்னால் ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பிறகு அந்த வழியால் போன ஒருவரை மறித்து, என்னையும் நிற்கச் சொல்லி இன்னொன்று எடுப்பித்தார். அது அவர் வீட்டில் இருக்கும். மணல் நிற வண்டி, பலகை, நடுவில் பேரன், ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். பெடியனின் தோளில் கை போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி நிற்கிறேன்.