மெனு இல்லாத கணினியை நிறுத்தக் கற்றது

கல்லூரி ஆய்வகத்தின் சர்வர் அறையில் உதவியாளராகச் சேர்ந்தபோது, ஒரு லினக்ஸ் கணினியை நிறுத்த எனக்குத் தெரிந்த வழி, திரையின் மேல்மூலையில் இருக்கும் பவர் மெனு மட்டும்தான். சர்வருக்கோ திரையே கிடையாது. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்து, எல்லாவற்றையும் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன், நிறுத்தும் கட்டளையை எடுத்ததும் சொல்லித்தரவில்லை. “தம்பி, முதல்ல டபிள்யூன்னு ஒரே எழுத்தைத் தட்டு. உள்ளே யார் யார் இருக்காங்கன்னு பாரு” என்றார். யார் எங்கிருந்து நுழைந்திருக்கிறார்கள், என்ன ஓட்டுகிறார்கள், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார்கள் என்று வரிவரியாக வந்தது. அடுத்து ஹோஸ்ட்நேம். எந்தக் கணினிக்குள் நிற்கிறோம் என்பதை உறுதிசெய்ய. நாலைந்து டெர்மினல்கள் திறந்திருக்கையில் இது மிக முக்கியம். தொலைவிலுள்ள சர்வரை நிறுத்திவிட்டால், பெரும்பாலும் ஒருவர் நேரில் போய்ப் பொத்தானை அழுத்தியாக வேண்டும். தவறான கணினியை நிறுத்திவிடாமல் தடுக்கவே, டெபியன் லினக்ஸில் மோலி-கார்ட் என்றொரு பொதி இருக்கிறது. கணினியின் பெயரைச் சரியாகத் தட்டினால்தான் நிறுத்த விடும்.

அதன் பிறகுதான் ஷட்டவுன். நேரம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு நிமிடம் காத்திருக்கும். ‘ஷட்டவுன் +15’ என்று கொடுத்து, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் ஒரு செய்தியும் எழுதினால், டெர்மினல்களில் இருக்கும் எல்லோருக்கும் அது போய்ச் சேரும். கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாக யாரும் நுழைய முடியாதபடி கதவு அடைபடும்; நிர்வாகியான ரூட் மட்டும் விதிவிலக்கு. மனம் மாறினால் ‘ஷட்டவுன் -சி’. ‘-ஆர்’ சேர்த்தால் மறுதொடக்கம். சக பயனர்களுக்கு இவ்வளவு மரியாதை தரும் வசதியை நான் எந்த மெனுவிலும் பார்த்ததில்லை.

உடனே நிறுத்த வேண்டுமானால் ‘சிஸ்டம்சிடிஎல் பவர்ஆஃப்’, மறுபடி தொடங்க ‘சிஸ்டம்சிடிஎல் ரீபூட்’. 2015இல் வந்த டெபியன் 8, உபுண்டு 15.04 முதல் இந்தக் கட்டளைகளே பரவலாகிவிட்டன. உள்ளே நடப்பதை அண்ணன் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு சேவைக்கும் முடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு சமிக்ஞை போகிறது. வழக்கமாக 90 விநாடி வரை அவகாசம். அதற்குள் முடிக்காதவை வலுக்கட்டாயமாக நிறுத்தப்படும். தரவுத்தளம் நினைவகத்தில் வைத்திருப்பதை வட்டில் எழுதி முடிப்பது அந்த அவகாசத்தில்தான். அணையத் தாமதமாகிறதே என்று பொத்தானை அழுத்திப் பிடிப்பவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குப் பதறுகிறது.

மடிக்கணினிக்கு வேண்டியவை வேறு. ‘சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்’ வேலையை நினைவகத்திலேயே வைத்து உறங்கும். மின்சாரம் தீர்ந்தால் எல்லாம் போச்சு. ‘ஹைபர்னேட்’ அதை வட்டின் ஸ்வாப் பகுதியில் எழுதிவிட்டு முழுக்க அணையும். ஸ்வாப்பில் இடம் போதாவிட்டால் நடக்காது. இரண்டையும் சேர்த்துச் செய்ய ‘ஹைப்ரிட்-ஸ்லீப்’ உண்டு. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். கணினி உறங்க மறுத்தால், ‘சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்’ எந்த நிரல் தடுக்கிறது என்று காட்டும்.

திரையைப் பூட்ட ‘லாகின்சிடிஎல் லாக்-செஷன்’. க்னோம் டெஸ்க்டாப்பிலிருந்து வெளியேற ‘க்னோம்-செஷன்-குவிட்’. இது ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வெளியேறும். ‘லாகின்சிடிஎல் டெர்மினேட்-செஷன்’ கேட்காது. சேமிக்காத வேலையும் சேர்ந்து போகும்.

இந்தக் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். சில இடங்களில் முன்னால், ரூட் அதிகாரம் தரும் சூடோ தேவைப்படும். கற்றுக்கொள்ள விரும்பினால் உங்கள் சொந்தக் கணினியில் ‘ஷட்டவுன் +60’ என்று கொடுத்து, உடனே ‘ஷட்டவுன் -சி’ என்று ரத்து செய்து பாருங்கள். முதலில் ரத்து செய்யப் பழகுங்கள். மற்றவை பிறகு வரட்டும்.