கூட்டுக்குப் பக்கம் போகாமல் ஒரு போட்டோ!

அச்சரப்பாக்கத்துக்கு அந்தப் பேர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு இங்கேதான் இற்றுப் போனதாம். அச்சு இறு பாக்கம், அச்சிறுபாக்கம், அச்சரப்பாக்கம். ஆட்சீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களும் சரி, மலை மேல் மாதா கோயிலுக்கு வருகிறவர்களும் சரி, வாசலில் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்த வேகத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். தேரே நின்ற ஊர், நாமும் கொஞ்சம் நின்றால் என்ன?

ஊரைத் தாண்டினால் வயல், ஏரிக்கரை, பனை மரங்கள். மழைக்காலத்தில் அந்தப் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். கூடு கட்டுவது ஆண் குருவி. நெல் தாளையும் பனையோலையையும் நார் நாராகக் கிழித்து வந்து பின்னிப் பாதிக் கூடு கட்டிவிட்டு, இறக்கையை அடித்து அடித்துக் கூவிக் கூப்பிடும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடு, வாசல் குழாய் எல்லாம். பிடிக்கவில்லையா, கட்டினது கட்டினதுதான், வேறு கூடு ஆரம்பிக்க வேண்டியதுதான்! நம் வீட்டில் அலமாரி அடிக்க வந்த ஆசாரியிடம்கூட நாம் இத்தனை கறாராக இருந்ததில்லை.

இந்தக் காட்சியைப் படம் பிடிக்கப் பெரிய காமிரா வேண்டுமா என்று கேட்பீர்கள். கைபேசி போதும். ஆனால் 'ஜூம்' இழுத்து இழுத்துக் குருவியின் மூக்கை எடுக்கப் பார்க்காதீர்கள், படம் கரைந்து போய்விடும். மரம், கூடு, குருவி, பின்னால் வானம், எல்லாம் சேர்ந்து இருக்கட்டும். காலை ஏழு, ஏழரை மணி வெயில் உங்கள் முதுகில் விழுகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். கூட்டைப் பறித்து வந்து ஷோகேஸில் மாட்டுகிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வெளியே கிளம்பவே முடியாத கைக்குழந்தைக்காரிகளுக்கு, வீட்டுக் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதே! கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை போட்ட வண்ணத்துப்பூச்சி வந்து வட்டமிட்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள். கடுகைவிடச் சின்ன முட்டை இருக்கும். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும், எந்தப் பறவை அதைத் தொடும்? வளர்ந்ததும் பச்சைப் பசேலென்று மாறிவிடும். அப்புறம் கூட்டுப்புழு, அப்புறம் இறக்கை. தினம் ஒரு படம், அதே நேரம், அதே பக்கத்திலிருந்து எடுத்து வையுங்கள். சுமார் ஒரு மாதத்துக்குள் குழந்தைக்குக் காட்ட ஒரு கதையே கையில் இருக்கும். நாலு இணுக்குக் கறிவேப்பிலை போகும். போகட்டுமே.

லீவு நாளில் கொஞ்சம் தூரம் போகலாம் என்றால், மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல். முப்பது ஹெக்டேர் ஏரிதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அதில் நிற்கும் மரங்கள் பூராவும் கூடு. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம்... பேரைச் சொல்லிக் கொடுத்தாலே குழந்தைகளுக்குச் சிரிப்பு வரும். நத்தைகுத்தி நாரைக்கு அலகு மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். வயல் நத்தையைப் பிடித்துத் தின்கிற அலகு அது.

இந்த ஏரி இன்னும் இருப்பதற்குக் காரணம் ஊர்க்காரர்கள். சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டு, 1798 வாக்கில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். 2020இல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்க ஒரு யோசனை வந்தபோதும் எதிர்ப்பு பலமாகவே கிளம்பியது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று அங்கே வைத்திருப்பது வெறும் சட்டம் இல்லை. நாரைகள் இங்கே வருவது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, பிரசவத்துக்கு. வெயில் ஏறியதும் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும். யாராவது கிட்டே போனால் அது பறந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் போதும், முட்டையைக் காகம் கொத்திவிடும், சிறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடிவிடும். படம் எடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது, அழகான படத்தோடு வீடு திரும்பியிருப்பார்! பிள்ளை பெற்ற அறைக்குள் முன்பின் தெரியாதவர் விளக்கை அடித்துக்கொண்டு நுழைந்தால் நாம் பொறுப்போமா? பறக்கிற படம் வேணும்னு கைதட்டி விரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டு மாடத்தில் புறா முட்டையிட்டிருந்தாலும் இதே கதைதான். ஃபிளாஷ் வேண்டாம், கிளையை விலக்க வேண்டாம்.

நம் ஊரில் இந்தப் பாடத்தை வாழ்ந்து காட்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். தானே பாகங்களைச் சேர்த்துச் செய்துகொண்ட காமிராவில் கறுப்பு வெள்ளைப் படங்களாகவே எடுத்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகமாகக் கிடைக்கின்றன, வாங்கிப் படியுங்கள். இது ஆண்கள் வேலை என்று வீட்டில் யாராவது சொன்னால் ரதிகா ராமசாமியின் பேரைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பிறந்து, கணினி படித்து, பிறகு காமிராவைக் கையில் எடுத்துப் பறவைப் படங்களால் பேர் வாங்கியவர்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடுப்பு வேண்டாம். தயிர்சாதப் பொட்டலத்தைக் கரையில் பிரிக்காமல் வெளியே வந்து பிரியுங்கள், குரங்குக்கும் காகத்துக்கும் விருந்து வைக்க வேண்டாம். ஒரு ஜோடி பைனாகுலர் இரவல் கிடைத்தால் விடாதீர்கள். கிளம்பும் முன் ஏரி நிரம்பியிருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருஷத்தில் மரங்கள் வெறுமனே நிற்கும்.