பெத்லகேமுக்கு ஒரு புகைவண்டி

பொம்மைப் புகைவண்டி என்றதும் சாவி கொடுத்தால் தரையில் ஓடும் தகர வண்டிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அதுவன்று. உண்மையான வண்டியை அளந்து, 87இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாதிரி வண்டி. சிறு தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தைச் சக்கரங்களின் வழியே பெற்று ஓடக்கூடியது. மேல்நாடுகளில் சிறுவர்களைவிட வயது முதிர்ந்தவர்களே இதில் அதிக மோகம் கொண்டிருக்கிறார்கள். புதிதாக வாங்குவதென்றால் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். நான் வாங்கியது பழையது. காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நடைபாதையில் விரித்திருந்த ஒரு சாக்கின் மேல் அது கிடந்தது.

பிரெஞ்சு நாட்டு விளையாட்டுப் பொருள் நம் ஊர் நடைபாதைக்கு எப்படி வந்தது என்று தோழியர் சிலர் கேட்டனர். இதில் வியப்பு ஒன்றுமில்லை. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுவை இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி உறுதியாயிற்று. ஆனாலும் பிரான்சோடு உறவு அறவில்லை. வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரு பாரீசில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. விடுமுறைக்கு வருபவர்கள் கொண்டுவந்த பொருள்கள் பரணில் ஏறும். வீடு கைமாறும்போது அவை சாக்குக்கு இறங்கும். என் பெட்டியின் மேல் ‘ஜுவெஃப்’ என்று எழுதியிருந்தது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் ஷம்பஞோல் என்னும் சிற்றூரில் பிறந்த பெயர் அது. 2004இல் ஆங்கிலேயரின் ஹார்ன்பி நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

எனக்கு அந்த வண்டி எதற்கு? குடிலுக்கு.

எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் குடில் கட்டுபவர் தாத்தாதான். நவம்பர் இறுதியிலேயே பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை செய்யத் தொடங்கிவிடுவார். தட்டுகளில் கேழ்வரகு விதைத்து முளைக்க வைப்பார். அதுதான் பெத்லகேமின் புல்வெளி. மூன்று இராஜாக்களை மட்டும் முதல் நாளே குடிலுக்கு அருகில் வைக்கமாட்டார். கூடத்தின் கோடியில், வானொலிப் பெட்டியின் மேல் நிறுத்திவைத்து, தினம் ஒரு சாண் நகர்த்துவார். “தூரத்து ஊர்க்காரங்க, சட்டுனு வந்துட முடியுமா?” என்பார்.

சென்ற ஜூலையில் தாத்தா இறைவனடி சேர்ந்தார். துக்க வருடத்தில் குடில் வேண்டாம் என்று ஆயா சொல்லிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கும் தம்பிக்கும்தான் மனம் ஒப்பவில்லை. கேழ்வரகு விதைக்கும் தட்டுகள் சமையலறைச் சுவரில் சாய்ந்தபடி கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ செய்ய வேண்டும் என்று தோன்றும். என்ன செய்வதென்று தெரியாது. அந்த நாள்களில்தான் சாக்கின் மேல் கிடந்த பச்சை நிற எஞ்சினைக் கண்டேன்.

வியாபாரி 1,200 ரூபாய் என்றார். ஓடுமா என்று கேட்டேன். “ஓடும் பாப்பா, ஃபாரின் சாமான்” என்றார். நடைபாதையில் மின்சாரம் ஏது, ஓட்டிப் பார்க்க? என்னிடம் இருந்ததோ புத்தாண்டுக்கும் திருநாளுக்கும் பெரியவர்கள் கொடுத்துச் சேர்ந்த 900 ரூபாய். வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் ஓடுபவை என்றும், 9 வோல்ட் பாட்டரி ஒன்றின் இரு முனைகளிலிருந்தும் கம்பி எடுத்து, எஞ்சினின் வலப்பக்கச் சக்கரத்தில் ஒன்றும் இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்றுமாகத் தொட்டால் மோட்டாரின் யோக்கியதை தெரிந்துவிடும் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் எனக்கு ஒரு மாதமாக நீண்டது. யாராவது வாங்கிப் போயிருந்தால்?

யாரும் வாங்கவில்லை. பாட்டரியைத் தொட்டேன். முதலில் ஒன்றும் நிகழவில்லை. சக்கரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மீண்டும் தொட்டேன். ஓர் உறுமல்! சக்கரம் அரைச்சுற்று சுற்றி நின்றது. அவருக்கும் அது ஓடும் என்பது அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். விலையை ஏற்றப் பார்த்தார். பக்கத்துக் கடைப் பழைய புத்தகக்காரர் எனக்காகப் பரிந்து பேசினார். 800 ரூபாய்க்கு முடிந்தது. ஓர் எஞ்சின், இரண்டு பயணிகள் பெட்டி, ஒரு திறந்த சரக்குப் பெட்டி, ஒரு வட்டத்துக்கான தண்டவாளம், ஒரு மின்மாற்றி, நான்காக மடித்த ஒரு தாள்.

வீட்டில் ஆயா பெட்டியைப் பார்த்தார்கள்.

“எதுக்கு இது?”

“குடிலைச் சுத்தி ஓட விடறதுக்கு, ஆயா.”

“குடிலே வேணான்னேன். அதுலயும் பெத்லகேம்ல ஏதுடி ரயிலு?”

தாத்தாவின் குடிலில் வட துருவக் கரடியும் ஒரு போலீஸ்காரரும் ஆண்டுதோறும் நின்றார்களே என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. நம் தூய இருதய ஆண்டவர் பேராலயத்தின் அருகிலேயே புகைவண்டி நிலையம் இருக்கிறதே, பூசை நேரத்தில் வண்டி ஊதுவது கேட்கிறதே என்று மட்டும் சொன்னேன். ஆயா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்கள்.

அந்த நான்காக மடித்த தாள்தான் அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது. அது முழுவதும் பிரெஞ்சு. நான் பள்ளியில் தமிழ் எடுத்துப் படிப்பவள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ‘பொன்ழூர்’ தாண்டித் தெரியாது. ஆயா மட்டுமே சிறுமியாக இருந்தபோது பிரெஞ்சில் படித்தவர்கள். “குடு” என்று வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் கேளாத ஒரு குரலில், வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்னார்கள். நடுவில் நிறுத்தி, “அந்த டப்பாவோட அடியைப் பாரு” என்றார்கள். மின்மாற்றியின் அடியில் ஒரு சிறு திருகு 110 என்ற எண்ணில் நின்றது. முன்பு பிரான்சின் பல ஊர்களில் வீட்டு மின்சாரம் 110, 127 வோல்ட்டாகவே இருந்தது. நம் வீடுகளில் வருவதோ 230. அப்படியே செருகியிருந்தால் மின்மாற்றி கருகியிருக்கும். தெருமுனை எலெக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்துக் காட்டினோம். அவர் திருகை 220க்கு மாற்றி, இற்றுப்போயிருந்த ஒயரையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

அப்படியும் வண்டி இரண்டு முழம் ஓடும், நின்றுவிடும். காரணம் நம் கடற்காற்று. பித்தளைத் தண்டவாளம் முழுவதும் களிம்பு ஏறியிருந்தது. இந்த வண்டியில் ஒரு தண்டவாளம் மின்சாரம் வரும் வழி, மற்றொன்று திரும்பிப் போகும் வழி. இரண்டுக்கும் இடையில் மோட்டார். எங்கேனும் ஓரிடத்தில் அழுக்கு இருந்தாலும் வழி அடைபட்டுவிடும். நானும் தம்பியும் பென்சில் ரப்பரால் மூன்று மாலைகள் தேய்த்தோம். எத்தனை ரப்பர் தீர்ந்தது என்பதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. சக்கர அச்சில் யாருடைய தலைமுடியோ சுற்றியிருந்தது. அதை ஊசியால் எடுத்தோம். தம்பி தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தான். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும் என்று ஆயா தடுத்து, தம் தையல் இயந்திர எண்ணெயைக் கொடுத்தார்கள். “ஒரே ஒரு சொட்டுன்னு போட்டிருக்கு” என்று தாளைத் தட்டிக் காட்டினார்கள்.

கணக்கில் ஆர்வமுள்ள தோழியருக்கு ஒன்று. இந்தத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். விழுப்புரத்திலிருந்து 1879இல் புதுவைக்கு வந்த பாதை மீட்டர் பாதை. அதே அளவில் செய்தால் 11.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். இப்போதுள்ள அகலப் பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கும் மேல் வேண்டும். விழுப்புரம் வரையுள்ள ஏறக்குறைய 38 கிலோமீட்டரை இப்படிச் சுருக்கினால் 437 மீட்டர். ஓட்டப்பந்தயத் திடலின் ஒரு சுற்றுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்!

டிசம்பர் 12ஆம் நாள் காலையில் கண்விழித்தபோது சமையலறைச் சுவரில் தட்டுகள் இல்லை. கூடத்து சன்னலோரம் ஈர மண்ணோடு வரிசையாக இருந்தன. கேழ்வரகை யார் விதைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

குடில் சிறியதாகவே இருந்தது. நட்சத்திர விளக்கு கட்டவில்லை, பலகாரமும் செய்யவில்லை. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, பாலனைத் தொட்டியில் கிடத்திச் செபம் சொன்னபின் வண்டியை ஓட்டினேன். மலையைச் சுற்றி, புல்லை உரசிக்கொண்டு, ஒரு நொடியும் நிற்காமல் ஓடியது. தம்பி கைதட்டினான். ஆயா நாற்காலியில் அமர்ந்து நான்கைந்து சுற்று பார்த்தார்கள்.

“நிக்கவே நிக்காதா? ஆளுங்க இறங்க வேணாமா?”

மின்மாற்றியின் குமிழை அவர்களிடம் கொடுத்தேன். வலப்பக்கம் திருப்பினால் ஓடும், நடுவில் நிற்கும், இடப்பக்கம் திருப்பினால் பின்னோக்கிப் போகும். இரண்டு முறை குடிலைத் தாண்டிப்போய் நின்றது. மூன்றாம் முறை தொட்டிக்கு நேரே நிறுத்தினார்கள். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து மூன்று இராஜாக்களை எடுத்துவந்து திறந்த சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். மலைக்குப் பின்னால் கொண்டுபோய் வண்டியை நிறுத்திவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்கள்.

அன்று முதல் தினமும் செபமாலை முடிந்ததும் குமிழ் ஆயா கையில்தான். வண்டி ஒரு சாண் தூரம் நகரும், நிற்கும். மூன்று இராஜாக்கள் திருநாளன்று மாலை அது குடிலின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஒட்டகம் மட்டும் சரக்குப் பெட்டியில் கொள்ளவில்லை. அதைத் தம்பி கையில் பிடித்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் முழங்காலில் நடந்து வந்தான்.