ஒரு இறக்கை கனம்

2021 மே மாதத்தின் முதல் வாரம். மேற்கு தில்லியில் ஒரு இரண்டாம் மாடி வீடு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் கம்ப்யூட்டரின் பின்பக்க விசிறியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏப்ரல் 14 அன்று சி.பி.எஸ்.இ. தேர்வைத் தள்ளிவைத்துவிட்டது. 19ஆம் தேதி இரவு ஊரை மூடிவிட்டார்கள். படிப்பதா, புத்தகத்தைக் கட்டிவைப்பதா என்று சொல்ல ஆளில்லை. பின்னறையில் தாத்தா காய்ச்சலோடு தனியாக இருந்தார். ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை அவர் உள்ளிருந்து உரக்கச் சொல்வார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் கதவில் ஒட்டிய தாளில் எழுதுவது பேத்தியின் வேலை. அன்று காலை எண் 94.

நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தை எப்படிப் போக்குவது என்பதுதான் பிரச்னை.

கேபினெட்டின் கண்ணாடிப் பக்கம் வழியாகத் தெரியும் கறுப்பு விசிறியை அவளுக்கு நெடுநாளாகவே பிடிக்கவில்லை. மயில் கழுத்து நிறத்தில் இருந்தால் நன்றாயிருக்கும். இந்த ஆசை அவளுக்கு மட்டும் வந்ததல்ல. ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் விசிறிகளைப் போல் சத்தமில்லாமல் காற்றடிப்பவை குறைவு என்று கம்ப்யூட்டர் பிரியர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் அந்தக் காப்பி நிறத்தையும் சந்தன நிறத்தையும் கண்டு முகம் சுளித்து, இறக்கையைக் கழற்றிச் சாயம் பூசியவர்கள் உண்டு. நிறுவனமே பிறகு கறுப்பிலும் கொண்டுவந்தது. விளக்கு வைத்த வண்ண விசிறிகள் கடையில் கிடைக்கின்றன. வாங்கலாம்தான். கடை திறந்திருந்தால்.

பிரிப்பது பார்வைக்குச் சுலபம். விசிறியின் பின்புறம் உள்ள லேபிளை மெல்ல உரித்தால் அடியில் அச்சின் நுனி தெரியும். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குள் துவரம் பருப்பை விடச் சற்றுப் பெரிய வெள்ளை நைலான் வளையம். ஒரு பக்கம் பிளந்திருக்கும். இறக்கைகளை அச்சோடு நழுவாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஊசியால் பிளவை நெம்பினால் வந்துவிடும்.

வந்தது. வந்த வேகத்தில் எகிறிப் பறந்தும் போனது. இந்த வேலையில் இறங்கிய யாருக்கும் ஒருமுறையாவது நேர்ந்திருக்கக்கூடிய விபத்து இது. சோபாவை நகர்த்திப் பார்த்தாள், துடைப்பத்தால் கூட்டிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். வீட்டில் இருப்பது அந்த ஒரு கம்ப்யூட்டர். வெளியே நாற்பது டிகிரி வெயில். பின் விசிறி இல்லாவிட்டால் கேபினெட்டின் வெப்பக் காற்று உள்ளேயே சுழலும். சிப்பின் சூடு நூறு டிகிரியை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் மெஷின் அணைந்துவிடும். விசிறி, வளையம், திருகாணி என்று எது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் நேரு பிளேஸ் பூட்டிக் கிடந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேஜை விசிறியை அதன் எதிரே வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"என்ன தொலைஞ்சுது?" கதவுக்குப் பின்னால் இருந்து தாத்தாவின் குரல்.

அவர் கரோல் பாக் பக்கம் ஒரு ரீவைண்டிங் கடையில் முப்பது வருஷம் மின்விசிறி பழுது பார்த்தவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அவள் போனில் படம் எடுத்து அனுப்பினாள். பத்து நிமிஷம் கழித்து, இருமலுக்கு நடுவே பதில் வந்தது: "பரண்ல ஒரு செத்துப்போன பெட்டி இருக்குமே, அதுலயும் ஒரு ஃபேன் இருக்கும். அச்சு ஒரே தடிமனா பாரு. கழட்டும்போது பாலிதீன் பைக்குள்ள கையை விட்டுக் கழட்டு, கண்ணு. பறந்தாலும் பைக்குள்ளதான் விழும்."

செத்துப்போன பெட்டி என்றது பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை. அதன் விசிறி சிறியது. ஆனால் அச்சு அதே தடிமன். வளையம் பைக்குள் விழுந்தது.

இனிமேல் சாயம் பூசாமல் மாட்டிவிடலாம் என்று யாராவது நினைத்தால் பதினேழு வயதை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். காந்தத்தின் பிடியிலிருந்து இறக்கைகளை இழுத்து எடுத்தாள். உள்ளே நான்கு செப்புச் சுருள்கள். அவற்றின் அருகே காந்தத்தின் துருவம் கடந்து போவதை உணர்ந்து மின்சாரத்தை மாற்றி மாற்றிவிடும் ஒரு சிறு சிப். தேயக் கார்பன் பிரஷ் கிடையாது. இறக்கைகளின் மையக் குடத்துக்குள் காந்த வளையம்; அதில் சாயமோ தூசியோ படக் கூடாது என்று டேப் ஒட்டி மூடினாள். மெல்லிய உப்புத்தாளால் இறக்கைகளின் மினுமினுப்பைத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, பள்ளிக்கு வாங்கிய ஃபெவிக்ரில் சாயத்தைப் பூசினாள். முதலில் கையில் எடுத்தது அம்மாவின் நெயில் பாலிஷ். அதன் கரைப்பான் சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். நல்லவேளை, பாட்டில் காய்ந்து போயிருந்தது.

மறுநாள் மாலை மாட்டி ஓடவிட்டாள். நிறம் நினைத்தபடியே. ஆனால் கேபினெட் முழுவதும் கர்ரென்று அதிர்ந்தது.

"ஒரு இறக்கை கனம்" என்றது கதவு.

மூடிய கதவு. நடுவில் ஒரு சுவர், கூடத்து சீலிங் ஃபேனின் இரைச்சல் வேறு. ஆனாலும் அவர் சொன்னது சரி. நிமிஷத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு இருபது. ஒரு இறக்கையில் கூடுதலாக ஏறிய ஒரு சொட்டுச் சாயம் நொடிக்கு இருபது முறை அச்சைத் தன் பக்கம் இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. பேரிங் ஒரு பக்கமாகத் தேயும். சீலிங் ஃபேனின் மூன்று இறக்கைகளையும் எடை பார்த்து ஒரே செட்டாக விற்பதற்கும், அதில் ஒன்றை வேறு செட்டோடு மாற்றினால் ஃபேன் ஆட்டம் போடுவதற்கும் காரணம் இதுதான். தூசு படிந்த தில்லி ஃபேன்களில் எத்தனையோ ஆட்டங்களை அடக்கிய காது அவருடையது.

அன்று இரவு தாளில் எழுதிய எண் 91.

அதற்குப் பிறகு விசிறியை யாரும் நினைக்கவில்லை. அப்பா இரவு முழுவதும் போனில் இருந்தார். விடிவதற்குள் ஒரு சிலிண்டர் வந்தது. எங்கிருந்து, என்ன விலைக்கு என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. 91, 90, 92. அவள் இப்போது அரைமணிக்கு ஒருமுறை எழுதினாள். தாள் தீர்ந்து இன்னொரு தாள் ஒட்டினாள்.

மூன்றாம் நாள் மாலை, எண் 94க்குத் திரும்பிய பிறகு, குரல் வந்தது. மெலிந்திருந்தது. "என்னம்மா, ஃபேன் சத்தமே காணோம்?"

அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். செல்லோ டேப்பில் நகக்கண் அளவு துண்டு ஒன்றை ஒரு இறக்கையின் பின்புறம் ஒட்டி ஓடவிட வேண்டும். அதிர்வு கூடுகிறதா, குறைகிறதா என்று கேட்டுவிட்டு, துண்டை அடுத்த இறக்கைக்கு மாற்ற வேண்டும். எதில் ஒட்டும்போது அதிர்வு அடங்குகிறதோ, அதற்கு எதிர்ப்புறம்தான் கனம். அவளுடைய விசிறிக்கு ஏழு இறக்கை. ஒற்றைப்படை என்பதால் நேர் எதிரே இறக்கை கிடையாது, எதிரே வருவது இரண்டின் இடைவெளி. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத்தைத் தேய்த்தாள். கழற்றுவது, தேய்ப்பது, மாட்டுவது, கதவருகே கொண்டுபோய்க் கேட்க வைப்பது. "இன்னும்" என்பார். மறுபடி. ஒன்பதாவது முறை உள்ளேயிருந்து பதிலே வரவில்லை. பதறிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"ஓடுதா என்ன?" என்றார் தாத்தா.

லேபிளை ஃபெவிகால் தடவி ஒட்டினாள். அப்பாவின் மேஜை விசிறி சமையலறைக்குத் திரும்பியது. தேர்வு ரத்து என்று ஜூன் 1 அன்று அறிவித்தபோது அவள் அந்தக் கம்ப்யூட்டரில்தான் செய்தியைப் பார்த்தாள். அதற்குச் சில நாள் முன்பே தாத்தா அறையை விட்டு வெளியே வந்திருந்தார். சட்டை தொளதொளவென்றிருந்தது. நேராகக் கேபினெட்டுக்குப் போனார். ஒரு திருப்புளியின் முனையை விசிறிச் சட்டத்தில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"முன்னால இன்னொண்ணு இருக்கே" என்றார். "அதை எப்ப கழட்டப் போறே?"